இழுத்தவர் ஒருவர், இருமியவள் ஒருத்தி

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் இந்த நிமிஷமே கொட்டிப் போகட்டும். எத்தனை மிச்சம் என்பது இப்போது பேச்சில்லை, சத்தியம் சத்தியம்தான். கண்ணால் பார்த்தது பாதி, பார்த்தவர்கள் சொன்னது பாதி. நடுவில் கைச்சரக்கு ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை.

மருந்துப் பாட்டில் செய்யும் கம்பெனியில் ஒருத்தி வேலை பார்த்தாள். கண்ணாடி உருகும் உலைப் பக்கம் இல்லை. கடைசிக் கோடியில், பாட்டில்கள் வரிசையாக ஓடிவரும் பெல்ட்டுக்கு எதிரே. பெல்ட்டுக்குப் பின்னால் வெள்ளை வெளிச்சப் பலகை ஒன்று எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் கீறல், விரிசல், குமிழி உள்ள பாட்டில்களைக் கண்டுபிடித்துப் பொறுக்கித் தொட்டியில் போட வேண்டும். மற்றவர்களுக்கு அரை மணியில் கண் பூத்துப் போகும். இவளுக்குப் பூக்காது. மற்றவர்கள் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இவள் விரிசல் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

பிறவிச் சுபாவம் அப்படி. கதவைப் பூட்டினால் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய், மறுபடி வந்து இழுப்பாள். பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து இழுத்த நாளும் உண்டு. அந்தப் பூட்டே சலித்துப்போய் ஒருநாள் கையோடு கழன்று வந்துவிட்டது. "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்றாள்.

வாய்த்த புருஷன் நேர் எதிர். உயரமான கட்டடங்களுக்கு வெளிச்சுவர் பெயிண்ட் அடிப்பவர். மேலிருந்து தொங்கும் இரண்டு கயிறு, கயிற்றில் ஒரு பலகை, பலகையில் அவர், அவர் உதட்டில் சிகரெட். இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொள்ளச் சொன்னால், "அது கீழேயே பத்திரமா இருக்கட்டும், மேல வந்தா அதுக்குத் தலை சுத்தும்" என்பார். கவலை என்ற உறுப்பை வைக்க மறந்து உடம்பை மூடிவிட்டார்கள் போல. எது நடந்தாலும் "பார்த்துக்கலாம்" என்று ஒரே சொல். அந்த ஒரு சொல்லில் அவர் குடும்பம் நடத்தினார். மனைவியைக் கூப்பிடுவது 'பதட்டம்' என்று. "ஏ பதட்டம், என் சட்டை எங்கே?"

காலையில் அவர் கிளம்புமுன் அவள் ஒரு காரியம் செய்வாள். அவரை ஜன்னலுக்கு முன்னால் நிற்கவைப்பாள். வெளிச்சம் அவருக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். உச்சந்தலையிலிருந்து பெருவிரல் வரை கண்ணை ஓட்டுவாள். "திரும்புங்க." முதுகு. "கையைத் தூக்குங்க." விலா. கடைசியில் நகத்தால் நெஞ்சில் ஒரு தட்டு, பாட்டிலைத் தட்டி ஓசை கேட்பது போல. பிறகுதான், "சரி, போங்க."

"பாஸா?"

"இன்னைக்குப் பாஸ்."

அவர் சிரித்துக்கொண்டே படியிறங்குவார். இதில் அவள் யோசிக்காத ஒரு விஷயம் இருந்தது. கம்பெனியில் கண்டெடுத்த விரிசலைப் போட ஒரு தொட்டி இருக்கிறது. வீட்டில் தொட்டி இல்லை.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் வந்தது. அவர் வெளியே கண்டதையும் தின்றுவிட்டு வருவார். வயிறு இவளுக்குப் போகும். கொட்டும் மழையில் நனைந்து விசிலடித்துக்கொண்டு அவர் வருவார், தும்மல் இவளுக்கு. கூட்டாளிகளோடு குடித்துவிட்டு வந்து குப்புற விழுந்தவர் காலையில் பூ மாதிரி எழுந்திருப்பார். இவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பாள். "எதுக்கெடுத்தாலும் பயந்தா உடம்பு எப்படி தாங்கும்?" என்று அவரே அறிவுரையும் சொல்வார். அவளும் அப்படித்தான் போல என்று நம்பினாள்.

பிறகு கால் ஒடிந்தது.

அன்று மத்தியானம் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இடது காலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். பக்கத்து ஸ்டூல்காரி, "எந்தப் பாட்டில்டீ?" என்று பெல்ட்டைப் பார்த்தாள். பாட்டில் இல்லை, எலும்பு. உட்கார்ந்த இடத்தில், யாரும் தொடாமல், எதுவும் மேலே விழாமல்.

அதே நேரம் நகரத்தின் மறு கோடியில் ஒரு கயிறு அறுந்தது. பெயிண்டர் மூன்றாம் மாடியிலிருந்து ஜல்லிக் குவியலில் விழுந்தார். எழுந்தார். பேண்ட்டைத் தட்டிவிட்டார். சிகரெட் அணைந்துபோனதற்கு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். கூட வேலை பார்த்தவர்கள் ஓடிவந்து அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராக, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள்.

இங்கே கட்டுப் போடுகிறவர் கேட்டார். "எங்கேயிருந்தும்மா விழுந்தீங்க?"

"விழலைங்க. ஸ்டூல்ல உக்காந்திருந்தேன்."

"ஸ்டூல் எந்த மாடியில இருந்துச்சு?"

"தரையிலங்க."

அவர் எக்ஸ்ரே படத்தை மறுபடி பார்த்தார். "எலும்பு மூணாவது மாடின்னுல்ல சொல்லுது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாவுக்கட்டைச் சுற்றினார்.

கால் சேர்ந்ததும் இருமல் பிடித்தது. லேசுப்பட்ட இருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து ஆளையே கூடத் தூக்கிவரும் இருமல். சளியில் நிறம் வேறு. ஒரு வாரம் வெளிர்பச்சை, அடுத்த வாரம் சந்தன நிறம். அவர் எந்தக் கட்டடத்தில் என்ன நிறம் அடிக்கிறார் என்பது அவர் சொல்லாமலே வாஷ்பேசினில் தெரிந்தது.

நெஞ்சு டாக்டரிடம் போனாள். டாக்டர் நல்ல மனுஷர். ஒரே ஒரு பழக்கம்: நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார். முகத்தைப் பார்த்தால் மனசு ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டால் தூக்கம் போகும், தூக்கம் போனால் கை நடுங்கும் என்று தொழிலுக்கு வந்த புதிதிலேயே முடிவு கட்டிவிட்டார். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி அதோடுதான் பேசுவார். எல்லோருக்கும் கடைசியில் ஒரே வாக்கியம்: "பயப்படாதீங்க, நான் பார்த்துக்கிறேன்." அதையும் படத்திடம்தான் சொல்வார்.

"ஒரு நாளைக்கு எத்தனை?" என்று படத்திடம் கேட்டார்.

"எத்தனை என்னங்க?"

"சிகரெட்டும்மா."

"ஐயோ, நான் தொட்டதே இல்லைங்க. எங்க வீட்டுக்காரருதான் ஓயாம இழுப்பாரு."

"எல்லாருக்கும் ஒரு வீட்டுக்காரர் இருக்காரு." டாக்டர் பேனா முனையால் படத்தைத் தட்டினார். "இங்கே பாருங்க, அடுப்பு மேல இருக்கிற சுவர் மாதிரி இருக்கு. உங்க கிட்ட ரெண்டு வார்த்தை பேசினதுமே எனக்கு உங்க சுபாவம் தெரியுது. கவலைப்படுற சுபாவம்னா ரத்தக் கொதிப்பு வரும், தூக்கம் கெடும், வயிறு எரியும். அது உங்ககிட்ட இருந்தா நம்புவேன். ஒழுங்கான சுபாவம்னா ஆயுசு கூடும். ஏன்னா அவங்க மாத்திரையை நேரத்துக்குப் போடுவாங்க, ரோட்டை ரெண்டு பக்கமும் பார்த்துத் தாண்டுவாங்க. அதுவும் நீங்கதான். ஆனா இந்த நுரையீரல் எதுக்கும் கவலையே படாதவனோட நுரையீரல். உங்க சுபாவத்துக்கு இது வந்திருக்கவே கூடாது."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதயத்துக்குப் போற குழாய்லயும் அடைப்பு இருக்கு. இனிமே நெஞ்சு வலின்னு ஒண்ணு வந்தா, அது சும்மா வந்துட்டுப் போற வலியா இருக்காதும்மா. புரியுதா? வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு வந்தாள். அவரையும் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது எந்தக் குழந்தையோடது?"

"என்னுதுங்க" என்றார் பெயிண்டர், சட்டைப் பையில் தீப்பெட்டி குலுங்க.

படம் மாறிவிட்டது என்று இரண்டு பேரையும் திரும்ப எடுக்கச் சொன்னார். திரும்பவும் அப்படியே வந்தது. அவருடைய நுரையீரல் பால் குடித்துவிட்டு ஏப்பம் விட்டாற்போல் சுத்தமாக இருந்தது. டாக்டர் அப்போதும் தலையைத் தூக்கவில்லை. பேனாவை மட்டும் ரொம்ப நேரம் மூடி மூடித் திறந்தார்.

கீழ்வீட்டில் நாத்தனார் குடியிருந்தாள். பெயிண்டரின் அக்கா. தையல் மெஷினில் உட்கார்ந்தபடி, உதட்டில் வரிசையாகக் குண்டூசியைக் கடித்துக்கொண்டுதான் எப்போதும் பேசுவாள், ஒன்றுகூட விழாது. இவள் போய்ப் படத்தைக் காட்டி அழுதாள்.

நாத்தனார் மெஷினை நிறுத்தவில்லை. "என் தம்பி தும்மி நீ பார்த்திருக்கியா?"

"இல்லை அண்ணி."

"நானும் பார்த்ததில்லை. சின்ன வயசுல மரத்து மேலேயிருந்து அவன் விழுவான். அடுப்படியில எங்கம்மாவுக்குக் கை ஒடியும். கட்டு மேல கட்டு. கடைசியில எங்கம்மா படுத்த படுக்கையா கிடந்தாங்க. ஒரு நாற்காலி மேலகூட ஏறாத மனுஷி. உடம்புல ஒடியாத எலும்பில்லை."

"இது தெரிஞ்சுதானா...?"

"நீ முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தப்போ நான் என்ன கேட்டேன், ஞாபகம் இருக்கா? சமைக்கத் தெரியுமான்னு கேட்டேனா? பாடத் தெரியுமான்னு கேட்டேனா?"

இவளுக்கு ஞாபகம் வந்தது. "கதவைப் பூட்டினா திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பியான்னு கேட்டீங்க."

"ஒரு தடவை பத்தாது, மூணு தடவை பார்ப்பேன்னு நீதான் பெருமையா சொன்ன." நாத்தனார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஒரு வீடுன்னா யாராவது ஒருத்தர் கவலைப்படணும்ல? எங்கம்மா போயிட்டாங்க. என்னால முடியாதும்மா, எனக்குத் தையல் கடை இருக்கு."

"இப்போ நான் என்ன பண்ணட்டும்?"

"அவனை நினைச்சுக் கவலைப்படாம இரு. அவனோடது அவன்கிட்டயே போயிடும்." மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. "முடியுமா உன்னால?"

மாடிப்படி ஏறும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கவலைப்பட்டால் அவள் போவாள். விட்டுவிட்டால் அவர் போவார். படியில் நின்று, அடுப்பை அணைத்தோமா என்று ஒரு முறை யோசித்துவிட்டு மேலே போனாள்.

பெயிண்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையைத் தட்டிச் சிரித்தார். "இவ்வளவுதானா விஷயம்? உன் பொறுப்பை நான் எடுத்துக்கிறேன். இனிமே நான் உன்னை நினைச்சுக் கவலைப்படறேன். என்னோட சரக்கு எங்கிட்டயே வந்துடும். பார்த்துக்கலாம் விடு."

"கவலைப்படறேன்னுட்டு 'பார்த்துக்கலாம்'ங்கிறீங்களே."

"சரி, சொல்லிக் குடு. எப்படிப் பண்றது?"

எதிரே உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள். "முதல்ல சின்னதா ஆரம்பிங்க. கேஸை மூடினோமா?"

"மூடியிருப்போம்."

"மூடலைன்னா?"

"நாத்தம் வரும். மூடிடலாம்."

"நாம வெளியூர்ல இருந்தா?"

"அப்போ நமக்கு நாத்தம் வராதுல்ல?"

"ஐயோ! சரி, என்னை நினைச்சுக்கோங்க. நான் வேலைக்குப் போயிருக்கேன். இருட்டிடுச்சு. வரலை. என்ன தோணும்?"

அவர் கண்ணை மூடி, புருவத்தைச் சுருக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். அவள் நம்பிக்கையோடு குனிந்து பார்த்தாள். மெல்லிய குறட்டை வந்தது.

இப்படியே மாதக்கணக்கில் பாடம் நடந்தது. ஒருநாள்கூட அவர் தேறவில்லை. அவளும் காலையில் அவரை ஜன்னலில் நிறுத்தாமல் அனுப்பிப் பார்த்தாள். அன்று முழுக்க, பார்க்காமல் அனுப்பிவிட்டோமே என்ற கவலை பெல்ட்டில் வந்த பாட்டில் ஒவ்வொன்றிலும் அவர் முகமாகத் தெரிந்தது. உள்ளே ஓர் ஆளோடு வரும் பாட்டிலைத் தொட்டியில் எப்படிப் போடுவது? அன்று விரிசல் விழுந்ததெல்லாம் மூடி போட்டு வெளியே போயிற்று. வீட்டுக்கு வருவதற்குள் இருமல் முன்னைவிட அதிகமாகிவிட்டது.

ஒரு விடுமுறை நாள். வெளியே விடாத மழை, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அவர் முன்னறையில் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அவள் உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"மழைத்தண்ணி உள்ள வருதான்னு பார்த்தீங்களா?" என்று கேட்டாள். ஒவ்வொரு சொல்லோடும் அவள் வாயிலிருந்து புகை வந்தது.

அவர் அவளையே பார்த்தார். இன்னொரு இழுப்பு இழுத்தார். வாயைத் திறந்து ஊதினார். ஒன்றும் வரவில்லை. வாசற்படியில் அவளுடைய மூக்கிலிருந்து இரண்டு நூலாக, நிதானமாக, புகை இறங்கியது. அவளுக்கு அது தெரியவில்லை. "என்ன அப்படிப் பார்க்கறீங்க?" என்றாள், மறுபடி புகை.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் தம் வாழ்நாள் முழுவதையும் ஞாபகப்படுத்திப் பார்த்தார். முதல் சிகரெட்டிலிருந்து. நண்பர்கள் வளையம் விடும்போதெல்லாம் தமக்கு மட்டும் வளையம் வந்ததே இல்லை. வரவில்லை என்று ஒருநாளும் அவர் யோசித்ததும் இல்லை. அப்படியானால் இத்தனை வருஷம் இழுத்தது எங்கே போயிற்று? அம்மா படுத்திருந்த அறையில் எப்போதும் ஒரு புகை நாற்றம் இருந்தது ஞாபகம் வந்தது. அம்மா ஊதுவத்திகூடக் கொளுத்த மாட்டாள்.

சிகரெட் விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"உனக்கு... உனக்கு ஏதாவது ஆயிடுமோ?" என்றார். அந்தக் குரல் யாருடையது என்று இரண்டு பேருமே திடுக்கிட்டார்கள்.

அடுத்த கணம் அவர் இருமினார். பிறந்ததிலிருந்து முதல் இருமல். எப்படி இருமுவது என்றுகூடத் தெரியாமல், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், சந்தன நிறத்தில் இருமினார். அவளுக்கு நெஞ்சு சட்டென்று லேசானது. பூட்டிய வீட்டை யாரோ திறந்துவிட்டது போல் காற்று உள்ளே போயிற்று. அந்தச் சுகம் ஒரு மூச்சுக்குத்தான்.

"ஐயோ, என்னங்க!" என்று அவள் ஓடிவந்தாள். அவ்வளவுதான், இருமல் அவளிடம் திரும்பிவிட்டது. அவர் பதறி எழுந்தார். அது அவரிடம் போயிற்று. அவள் கத்தினாள்; அவளிடம் வந்தது. மூடிய அறையில் காற்றில்லை, ஆனால் அது ஒவ்வொரு முறை தாண்டும்போதும் நடுவில் தொங்கிய விளக்கு லேசாக ஆடியது.

பிறகு இருமல் நின்றது. இரண்டு பேரும் மூச்சுவிட்டார்கள். அதற்குப் பின்னால் நெஞ்சு வலி வந்தது.

டாக்ஸி பிடித்தார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "யாருக்குங்க முடியலை?" என்றார்.

"இவருக்கு" என்றாள் அவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"இவளுக்குத்தான்" என்றார் அவர், அதற்குள் தம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்குங்க, அதுக்குள்ள நான் போயிடறேன்" என்று டிரைவர் வேகத்தைக் கூட்டினார்.

டாக்டர் அறையில் அவளைப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார்கள். தாளில் கோடு மலையும் பள்ளமுமாகப் புரண்டு ஓடியது. பாதியில் சட்டென்று நேராகிச் சமர்த்தாக நடந்தது. பக்கத்தில் நின்ற பெயிண்டர் சுவரைப் பிடித்தார். ஒயர்களைப் பிடுங்கி அவருக்கு மாட்டினார்கள். மலையும் பள்ளமும் வந்தது, "என்னங்க" என்று ஒரு குரல் கேட்டது, கோடு நேரானது. நர்ஸ் மெஷினை ஒரு தட்டுத் தட்டினாள்.

டாக்டர் தாளைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். அதில் விடை எதுவும் எழுதியிருக்கவில்லை. பிறகு, தொழிலுக்கு வந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தார். தாளைக் கீழே வைத்துவிட்டுத் தலையைத் தூக்கினார். மழையில் நனைந்து, ஒருவருக்காக ஒருவர் செத்துக்கொண்டிருந்த இரண்டு முகங்களை நன்றாகப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"பயப்படாதீங்க" என்றார். "நான் பார்த்துக்கிறேன்."

ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம். அன்றைக்குத்தான் அவர் அதை மனசாரச் சொன்னார்.

கூரையில் விளக்கு லேசாக ஆடியது. இரண்டு பேருக்கும் வலி ஒன்றாக நின்றுபோயிற்று, யாரோ இறங்கிப் போன மாதிரி. டாக்டர் தம் சட்டையின் முதல் பொத்தானைத் தடவினார். பேனா உருண்டு விழுந்தது. அவர் இருமினார், உதட்டோரத்தில் சந்தன நிறம்.

"வெளியே போங்க, வெளியே போங்க, கதவைச் சாத்துங்க!" என்று நர்ஸ் கத்தினாள்.

வெளியே வந்தார்கள். கண்ணாடிக் கதவை அவள்தான் சாத்தினாள். உள்ளே ஏதோ கனமாக விழுந்த சத்தம். இனி ஒரு முறை, ஒரே ஒரு முறை, திரும்பி அந்தக் கதவை இழுத்துப் பார்த்தால், கண்ணாடி வழியாக அந்த நல்ல மனுஷரின் முகம் தெரியும். தெரிந்தால் ஐயோ என்று மனசு சொல்லும். சொன்னால் அது வந்துவிடும். இம்முறை வந்தால் சும்மா வந்துவிட்டுப் போகாது. அவள் திரும்பவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.

பெயிண்டர்தான் நின்றார். "டாக்டருக்கு ஒண்ணும் ஆகாதே?"

"பார்த்துக்கலாம், வாங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மழை விட்டிருந்தது.

"கதவு சரியா சாத்திச்சான்னு தெரியலையே" என்றார் அவர். புதுச் செருப்பு போட்டவர் போல, பழக்கமில்லாத கவலையில் கால் மாற்றி மாற்றி நின்றார். "நம்மளாலதானே அந்த ஆளுக்கு... அது என்னோடது, பதட்டம். யாருக்கும் இல்லை, என்னோடது. நீ போயிட்டே இரு. நான் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்."

அவர் திரும்பிப் போனார். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய் நின்று இவள் பக்கம் திரும்பினார். உள்ளே எரிந்த வெள்ளை விளக்கு அவருக்குப் பின்னாலிருந்து விழுந்தது, ஜன்னலில் நிறுத்தியது போலவே. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும். எங்கே விரிசல் என்று அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அவள் ஈரத் தரையைப் பார்த்தாள்.

"சரி, போங்க" என்றாள்.

"பாஸா?"

தலையைத் தூக்காமலே ஆட்டினாள். கதவு திறந்து மூடிய ஓசை கேட்டது.

டாக்டர் கொஞ்ச நேரத்திலேயே எழுந்து உட்கார்ந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, அடுத்த படத்தை மாட்டச் சொன்னாராம். மறுநாள் அவள் போய்க் கேட்டபோது, படத்தைப் பார்த்தபடியே, "யாரும் திரும்பி உள்ளே வரலியேம்மா" என்றார். நர்ஸும் அப்படித்தான் சொன்னாள். அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது.

அதன் பிறகு அவளுக்கு உடம்பில் ஒரு குறை இல்லை. நன்றாகத் தூங்கினாள். பெல்ட்டில் ஓடும் பாட்டில்களில் விரிசல் இருந்தால் இருக்கட்டும் என்று விட்டாள். கதவை ஒரே தரம் சாத்தினாள். நாத்தனார் குண்டூசியைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கியே!" என்று ஆச்சரியப்பட்டாள், பயந்தாள் என்றும் சொல்லலாம். சீக்கிரமே வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள்.

இப்படியே காலம் போயிற்று. ஒரு சாயங்காலம் அவள் ஜன்னலோரம் சும்மா நின்றிருந்தாள். தூறல் போட்டது. குடை எடுத்துக்கொண்டு போனாரோ என்னவோ என்று ஒரு நினைப்பு, கேட்காமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்தது. சாப்பிட்டிருப்பாரா? எங்கே படுக்கிறாரோ? அவள் மெல்ல நகர்ந்து போய்க் கதவை இழுத்துப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது. பூட்டியிருந்தால் அவர் வந்து தட்ட வேண்டுமே என்று தாழ்ப்பாளைத் திறந்து வைத்தாள். திரும்பி ஜன்னலுக்கு வந்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

புகை வந்தது.

வெளிச்சத்துக்கு எதிரே அது சுருண்டு போவதை, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பவள் போல, கலையும் வரை பார்த்தாள். "இந்த எழவை இன்னும் விடலையா நீங்க?" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருமினாள். வாஷ்பேசினில் ஊதா நிறம். எந்த ஊரிலோ ஒரு கட்டடத்துக்கு ஊதா அடித்துக்கொண்டிருக்கிறார்.

இன்றைக்கும் சாயங்காலமானால் அந்த மாடி ஜன்னலில் புகை தெரியும். தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு நடையை எட்டிப் போடுவார்கள். டாக்டர் படத்தைப் பார்த்து, நிறுத்தச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். அது தன் கையிலா இருக்கிறது என்கிறாள் அவள்.

என் மிச்சப் பற்கள் மேல் சத்தியமாக, அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை.